வறட்சியும் தானியப் பயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல், கோதுமை, மக்காச்சோளம், சோளம், கம்பு, வாற்கோதுமை எல்லாவற்றையும் "பயிர்" என்ற ஒரே சொல்லில் அடக்கி, "வறட்சியில் பயிர் கருகியது" என்று செய்தி வருகிறது. தண்ணீர் போதாதபோது இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

மழை குறைந்தாலே அது வறட்சிதானே?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வானிலைத் துறை மழைமானியைப் பார்க்கிறது. பாசனப் பொறியாளர் அணையையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பார்க்கிறார். பயிருக்கு இது எதுவும் தெரியாது. வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கணக்கு.

இந்த மூன்றும் ஒன்றாக வரவேண்டும் என்பதில்லை. பருவ மழை சராசரியைத் தொட்டிருக்கும், ஆனால் பூக்கும் சமயத்தில் இருபது நாள் வானம் வெறித்துக் கிடந்திருக்கும். அந்த ஆண்டு களத்துமேட்டில் பதர்தான் மிஞ்சும். மழை கால் பங்கு குறைந்தும், பெய்ய வேண்டிய நாளில் பெய்ததால் மகசூல் தப்பிய ஆண்டுகளும் உண்டு. அதனால் மொத்த மழையளவை மட்டும் காட்டி "வறட்சி இல்லை" என்று முடிக்கும் அறிக்கைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு எந்தத் தேதியில் என்றும் கேட்க வேண்டும்.

தண்ணீர் இல்லாதபோது செடிக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் அடிபடுவது வளர்ச்சி. செல்கள் நீரை நிரப்பிக்கொண்டுதான் விரிய முடியும். நீர் குறைந்ததும், வாட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே இலை நீள்வது நின்றுவிடுகிறது.

அடுத்து, காய்ந்துவரும் மண்ணை உணரும் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. மூடினால் நீராவி வெளியேறுவது குறையும், உயிர் தப்பும். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். கதவைச் சாத்தினால் திருடனும் வரமாட்டான், சோறும் வராது. ஒளிச்சேர்க்கை சரிகிறது, சர்க்கரை உற்பத்தி குறைகிறது, நீராவிப்போக்கு தந்த குளிர்ச்சி நின்று இலையின் சூடு ஏறுகிறது.

புல்லினப் பயிர்களுக்கு இன்னொரு உபாயம் உண்டு. இலையின் மேல்பக்கம் வரிசையாக இருக்கும் பெரிய செல்கள் நீரை இழந்து சுருங்கும்போது இலை குழல்போலச் சுருண்டுகொள்ளும். வெயில் படும் பரப்பு குறைந்துவிடும்.

மதியம் சுருளும் இலை சாயங்காலம் விரிந்துவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

அந்த அளவில் வேண்டாம். உச்சி வெயிலில் வேர் உறிஞ்சும் வேகத்தை இலை இழக்கும் வேகம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க ஓய்வெடுத்த பிறகும் இலை சுருண்டே இருந்தால் மண்ணில் எடுக்கக்கூடிய நீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எந்தப் பருவத்தில் வறட்சி வந்தால் சேதம் அதிகம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

செடி அடியிலிருந்து பக்கத் தண்டுகளைக் கிளைத்துத் தூர் கட்டும் பருவத்தில் நீர் குறைந்தால் தூர்கள் குறையும். அது நஷ்டம்தான், ஆனாலும் பின்னால் மழை வந்தால் இருக்கிற கதிர்கள் கூடுதல் மணி பிடித்து ஓரளவு ஈடுகட்டும். கதிர் உருவாகிப் பூக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் அப்படி ஈடுகட்டும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. மணிகளின் எண்ணிக்கை அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நெல்லில், கதிர் தொண்டையைவிட்டு வெளியே வரக் காம்பு வேகமாக நீள வேண்டும். நீர் போதாவிட்டால் கதிர் பாதி வெளியிலும் பாதி கண்ணாடி இலையின் (கதிருக்கு அடியில் இருக்கும் கடைசி இலை) உறைக்குள்ளுமாகச் சிக்கிக்கொள்ளும். உள்ளே மாட்டிய பூக்கள் மலடாகும். வெளியே வந்தவற்றிலும் மகரந்தப்பை சரியாக வெடிக்காது. நெல் பூ காலையில் சுமார் ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரம் தவறினால் அந்த மணி சாவிதான், அதாவது வெறும் பதர். வயல் பச்சையாக நிற்க, கதிர் மட்டும் வெளுத்து நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மக்காச்சோளத்தின் சிக்கல் வேறு. ஆண் பூ உச்சியில், பெண் பூ நடுத்தண்டில். கதிரின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு இழை வெளியே நீண்டு மகரந்தத்தைப் பிடிக்க வேண்டும். வறட்சியில் மகரந்தம் ஏறக்குறைய குறித்த நாளில் உதிரத் தொடங்கிவிடுகிறது, பட்டு இழைதான் பிந்துகிறது. சாதாரணமாக இரண்டு மூன்று நாளாக இருக்கும் இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டினால், இழை வெளிவரும்போது தூவ மகரந்தம் இருக்காது. மணி இல்லாத வெறும் கதிர் இப்படித்தான் பிறக்கிறது. கருவுற்ற மணிகளிலும் நுனியில் இருப்பவற்றைச் செடி கைவிட்டுவிடும்.

கோதுமையில் ஆபத்து இன்னும் முன்னால் வருகிறது. கதிர் உறைக்குள் இருக்கும்போதே மகரந்தம் உருவாகும் செல்பிரிவு நடக்கிறது. அந்தச் சில நாள் நீர்ப் பற்றாக்குறை மகரந்தத்தை மலடாக்கிவிடும். சூலகத்துக்கு அவ்வளவு பாதிப்பு இருக்காது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பூத்து முடிந்து பால் பிடிக்கும்போது வந்தால், எண்ணிக்கை குறையாது, எடை குறையும். செடி தண்டில் சேமித்த சர்க்கரையை மணிக்கு அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கும், சீக்கிரமே முதிர்ந்தும்விடும். கிடைப்பது ஒல்லியான, சுருங்கிய மணி.

எந்தத் தானியம் வறட்சியை அதிகம் தாங்கும்?

கம்பும் சோளமும் முன்னால் நிற்கும், பின்னால் நெல். நடுவில் மற்றவை.

"குறைவாகக் குடிக்கும் பயிர்" என்ற விளக்கம் பாதிதான் சரி. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் தரும் பருவ நீர்த்தேவைகளைப் பாருங்கள்: சோளமும் சிறுதானியமும் 450 முதல் 650 மில்லிமீட்டர், கோதுமையும் வாற்கோதுமையும் அதே 450 முதல் 650, நெல் 450 முதல் 700, மக்காச்சோளம் 500 முதல் 800. நெல்லுக்கான அளவில் வயலில் தேக்கி வைப்பதும் கீழே கசிவதும் சேராது. எண்கள் அவ்வளவு தள்ளி இல்லை. பற்றாக்குறை வந்தபின் என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சோளம் இலைமேல் மெழுகு பூசிக்கொள்ளும், நீர் இல்லையென்றால் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும், மழை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கம்பு தன் தூர்களை ஒரே நாளில் பூக்க விடாது. தாய்க்கதிர் வறட்சியில் மாட்டினாலும், பின்னால் வரும் தூர் மழையைப் பிடித்துக்கொள்ளும். நெல்லுக்கு ஈர நிலத்திலேயே வளர்ந்த பழக்கம். வேர் மேலோட்டமானது.

சோளம், கம்பு, மக்காச்சோளம் மூன்றும் ஒளிச்சேர்க்கையில் சி4 என்ற வகை. குறைந்த நீரில் அதிக கரியமில வாயுவைப் பிடிக்கும் திறன் உள்ளவை. அப்படியிருந்தும் மக்காச்சோளம் பூக்கும்போது வறட்சிக்கு மண்டியிடுவதைப் பார்த்தோம். சி4 என்ற முத்திரையை மட்டும் நம்பி விதைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பக்கத்து வயல் பச்சையாக இருக்கிறது, என்னுடையது வாடிவிட்டது. மழை ஒன்றுதானே?

மழை ஒன்று, பானை வேறு. ஒரு மீட்டர் ஆழ மணல் மண் பயிர் எடுக்கக்கூடிய நீரை 25 முதல் 100 மில்லிமீட்டர்தான் வைத்திருக்கும். வண்டல் கலந்த மண் 100 முதல் 175. களிமண் 175 முதல் 250.

அரை மீட்டர் வேர் உள்ள பயிர் நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் பிடிக்கும் மணலில் கையிருப்பு 25, அதாவது 5 நாள். 200 பிடிக்கும் களிமண்ணில் 100, அதாவது 20 நாள். நடைமுறையில் கையிருப்பு பாதி தீர்ந்ததுமே பயிர் திணறத் தொடங்கும் என்பதால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அடியில் இறுகிய கடினத்தட்டு இருந்து வேர் இறங்க முடியாவிட்டால் களிமண்ணும் கைகொடுக்காது.

வெயிலும் வறட்சியும் ஒன்றா?

இல்லை, ஆனால் கூட்டாளிகள். மண் காய்ந்தால் ஆவியாக நீர் இல்லாமல் வெயிலின் ஆற்றல் முழுக்கக் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மண்ணை இன்னும் உலர்த்தும். ஆப்பிரிக்க மக்காச்சோளச் சோதனை வயல்களின் பதிவுகளை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. 30 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரி கூடுதலாக ஒரு நாள் இருந்தால், மழை போதிய நிலையில் மகசூல் 1 சதவீதம் குறைகிறது, வறட்சியில் 1.7 சதவீதம்.

கூடுதலாக உரம் போட்டால் பயிர் தாங்கிக்கொள்ளாதா?

தழைச்சத்தை (நைட்ரஜன்) பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், தாங்காது, நிலைமை மோசமாகவும் ஆகலாம். உரம் வேருக்குப் போவதே நீரோடுதான். காய்ந்த மண்ணில் மேலாக யூரியா இட்டால் ஒரு பகுதி காற்றோடு போகலாம். ஆரம்பத்தில் அதிகம் இட்டு பயிர் தழைத்து நின்றால், அந்தத் தழை முழுவதும் மண்ணின் ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். மணி பிடிக்கும்போது மண்ணில் ஒன்றும் இருக்காது. பசுமையாக இருந்த வயல் திடீரென வைக்கோலாகும் இந்தக் கோலம் ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளுக்கு நன்றாகவே பழக்கம். தழைச்சத்தைப் பிரித்து, ஈரம் பார்த்து இடுவதுதான் வழி.

சாம்பல் சத்து வேறு கதை. இலைத்துளைகள் திறந்து மூடுவதில் பொட்டாசியத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. வறட்சியில் 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல், அதாவது லிட்டருக்கு 10 கிராம், வெயில் தாழ்ந்தபின் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. சில நாள் தாக்குப்பிடிக்க உதவும். தண்ணீருக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் இருக்கிறது. எப்போது விடுவது?

கதிர் தொண்டைக்கு வருவதற்கும் பூ முடிவதற்கும் இடையில். இளம்பயிர் வாடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் முன்னதாகவே திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பயிர் செத்துவிடும் நிலை இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

அளவும் தெரிந்திருக்கட்டும். ஒரு எக்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 10,000 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 40 மில்லிமீட்டர் பாய்ச்ச ஏக்கருக்கு 1,60,000 லிட்டர் வேண்டும். இருப்பது அதில் பாதிதான் என்றால் வயல் முழுக்கத் தெளித்துவிடாமல், பாதி வயலுக்கு முழுசாகப் பாய்ச்சுவது நல்லது. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் மேலாக மட்டும் நனைந்த மண் சீக்கிரமே காய்ந்துவிடும்.

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டாமா?

வேண்டாம். தண்ணீர் நிற்பதால் பெரிய லாபம் களை அடங்குவது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சி, வளர்த்தாலும் மகசூல் குறையாது என்பதைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளில் காட்டியிருக்கிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் அடுத்த பாய்ச்சல் கொடுக்க வேண்டும். 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் நன்றாகக் குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

மானாவாரியில் பயிர் நிற்கிறது, மழை வரும் அறிகுறியே இல்லை. கையில் என்ன இருக்கிறது?

முதலில் களை. களையும் அதே ஈரத்தைத்தான் குடிக்கிறது. மேலாகக் கொத்திவிட்டால் களையும் போகும், மண் வெடிப்பும் மூடும். ஆழமாகக் கொத்தி அடி ஈரத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள். பிடுங்கிய களையையும் சருகையும் வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் போடலாம்.

அதற்குமேல், நெருக்கமாக இருந்தால் பயிரையே கலைக்கலாம். மூன்று வரிசைக்கு ஒன்றை அறுத்துத் தீவனமாக்கினால் மிச்சமிருப்பவற்றுக்குப் பங்கு கூடும். நட்ட கையால் அறுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் எல்லாமே பாதி உயிரோடு நிற்பதைவிட இது மேல்.

காய்ந்த பயிரை மாட்டுக்குப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். இங்கே இரண்டு நஞ்சுகள் இருக்கின்றன.

ஒன்று சயனைடு. சோளத்தின் இளம் பயிரிலும், அறுத்த அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. வறட்சியில் அது கூடும். முழங்கால் உயர வாடிய சோளத்தில் பசியோடு இருக்கும் மாட்டை அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடலாம். வறட்சிக்குப்பின் முதல் மழையில் துளிர்க்கும் மறுதாம்பு இன்னும் ஆபத்து. நன்றாக உலர்த்தினால் இந்த நஞ்சு பெரும்பாலும் ஆவியாகிவிடும். கம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது நைட்ரேட். வேர் உறிஞ்சிய தழைச்சத்தைப் புரதமாக்க முடியாமல் செடி தண்டின் அடியில் சேர்த்து வைத்திருக்கும். சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் இது நடக்கும். இரைப்பையில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உலர்த்தினால் இது போகாது, பலர் ஏமாறுவது இங்கேதான். அடித்தண்டை ஒரு சாண் விட்டு மேலே அறுப்பது, ஊறுகாய்ப் புல்லாக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) மாற்றுவது, மழை பெய்த பின் ஒரு வாரம் அறுக்காமல் இருப்பது ஆகியவை பயன் தரும்.

மாடு மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே கால்நடை மருத்துவர். சயனைடில் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், நைட்ரேட்டில் சாக்லேட் நிறத்துக்குப் போகும். எதைத் தின்றது என்பதோடு இதையும் சொன்னால் அவருக்கு உதவும்.

வறட்சியில் விளைந்த தானியம் சாப்பிட உகந்ததா?

பொதுவாக ஆம். மாவுச்சத்து குறைவாக நிரம்புவதால் கோதுமையில் புரத விகிதம் கூடியும் இருக்கும். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், விகிதம்தான் கூடுகிறது. சுருங்கிய மணியில் மாவும் குறைவு.

கவனம் தேவைப்படுவது மக்காச்சோளத்தில். மணி பிடிக்கும்போது சூடும் வறட்சியும் சேர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வயலிலேயே புகுந்து அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். ஈரலில் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு அது, சமைத்தாலும் முழுதாக அழியாது. பூசணம் பிடித்த, நிறம் மாறிய மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காயவைத்துச் சேமியுங்கள்.

அடுத்த விதைப்புக்கு அதிலிருந்தே விதை எடுக்கலாமா?

ஈரத்துணியில் 100 மணிகளைச் சுற்றி வைத்து முளைப்பை எண்ணிப் பாருங்கள். சுருங்கிய மணி முளைத்தாலும் நாற்றில் வீரியம் இருக்காது என்பதால் சலித்துப் பருத்தவற்றை மட்டும் எடுங்கள்.

"வறட்சி தாங்கும் ரகம்" என்று விற்கிறார்களே, நம்பலாமா?

தண்ணீரே இல்லாமல் விளையும் ரகம் எதுவும் இல்லை. மற்றது பாதியாகக் குறையும் இடத்தில் இது கால் பங்கு மட்டும் குறையும், அந்தமாதிரி எதிர்பார்ப்புதான் நியாயம். குறுகிய வயதால் வறட்சிக்கு முன்பே அறுவடைக்கு வந்து தப்பும் ரகங்கள் ஒரு வகை. வறட்சிக்குள் நின்று சமாளிப்பவை இன்னொரு வகை. வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள்.

2010-ல் இந்தியாவில் வெளியான "சகபாகி தான்" என்ற நெல் ரகம் மானாவாரி நிலத்துக்கென்றே உருவானது. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேரை ஆழமாகச் செலுத்தும் டிஆர்ஓ1 மரபணுவைக் கண்டறிந்து, அதை ஐஆர் 64 ரகத்துக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். சூரியகாந்தியின் மரபணு ஒன்றைச் சேர்த்த எச்பி4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020-ல் ஒப்புதல் தந்தது. சோளத்தில், பூத்தபின்னும் இலை காயாமல் பச்சையாகத் தங்கும் குணத்தை வளர்ப்பாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படி நிற்கும் தண்டு கரிக்கட்டை அழுகல் நோய் வந்து சாய்வதும் குறைவு.

மழை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பூக்கும் முன் வந்தால் பெருமளவு தேறும். பூத்தபின் வந்தால் நெல்லும் கோதுமையும் புதுத் தூர் விடும். முதிர்ந்த கதிரும் பச்சைக் கதிருமாகக் கலந்து, எப்போது அறுப்பது என்ற புதுத் தலைவலி ஆரம்பிக்கும். காய்ந்திருந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு தழைச்சத்தை ஒரேயடியாக விடுவிக்கும், களையும் கூடவே கிளம்பும். அந்த வாரம் யூரியாவைக் கையில் எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டின் வறட்சி மற்ற நாடுகளைத் தொடுமா?

2010-ல் வெப்ப அலையும் வறட்சியும் சேர்ந்து ரஷ்யாவின் தானிய விளைச்சலை 9.7 கோடி டன்னிலிருந்து ஏறத்தாழ 6.1 கோடி டன்னாக இறக்கின. அந்த ஆகஸ்ட் 15 முதல் ரஷ்யா ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. 2012-ல் அமெரிக்க மக்காச்சோள மகசூல் முந்தைய ஆண்டின் எக்டருக்கு 9.2 டன்னிலிருந்து 7.7 டன்னாக விழுந்தது. உலகின் மிகப் பெரிய மக்காச்சோள ஏற்றுமதி நாடு என்பதால் கோழித்தீவனம்வரை அதன் சூடு பரவியது.

1964 முதல் 2007 வரையான பேரிடர்களை அலசி 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வறட்சியும் கடும் வெப்பமும் வந்த ஆண்டுகளில் நாடுகளின் தானிய உற்பத்தி சராசரியாக 9 முதல் 10 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வெப்பம் மகசூலைத்தான் குறைத்தது. வறட்சி மகசூலோடு அறுவடையாகும் பரப்பையும் குறைத்தது. அப்படிக் குறைந்த பரப்பில், அறுக்காமலே கைவிட்ட வயல்களும் விதைக்கவே முடியாமல்போன வயல்களும் அடங்கும்.

பயிர்க் காப்பீடு கைகொடுக்குமா?

படித்துப் பார்த்துச் சேருங்கள். பல திட்டங்கள் உங்கள் வயலை அளப்பதில்லை. வட்டாரத்தின் சராசரி மகசூலையோ, ஏதோ ஒரு மழைமானியின் பதிவையோ வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. மானி இருக்கும் இடத்தில் மழை, உங்கள் வயலில் வெறும் மேகம் என்றால் இழப்பீடு வராது. எந்தத் தேதிகளுக்கிடையே பெய்யும் மழை கணக்கில் வருகிறது, அந்தத் தேதிகள் உங்கள் பயிர் பூக்கும் நாட்களோடு பொருந்துகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே என்ன செய்யலாம்?

அறுவடைக்குப்பின் வயலில் நிற்கும் பயிர்த்தாளைக் கொளுத்தாதீர்கள். 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளில் புல்லை உழுது கோதுமை போட்ட நிலங்கள் வறட்சியில் வெறுமையாகி, மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தது. 1935-ல் மண் பாதுகாப்புக்கென்றே அங்கே அரசுத் துறை ஒன்றைத் தொடங்க வேண்டிவந்தது. நிற்கும் தாள் காற்றையும் தடுக்கும், முதல் மழையையும் பிடித்து வைக்கும். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். எல்லா வயலையும் ஒரே நாளில், ஒரே வயதுடைய ரகத்தில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டால், ஒரே வறட்சி எல்லாவற்றையும் பூவில் பிடிக்காது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மழை பெய்த தேதி, அளவு, பயிர் பூத்த தேதி மூன்றையும் எழுதி வாருங்கள். நான்கைந்து ஆண்டு சேர்ந்தால் விதைப்பை எத்தனை நாள் முன்னே பின்னே நகர்த்தலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மழைமானி வாங்க வேண்டும் என்றில்லை. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர் கணக்கு.